ஒன்பது இரவு, ஐந்து நண்பர்கள், எத்தனை கிரேக்கத் தீவு?

நீங்கள் கேட்டிருப்பது இது. கல்லூரித் தோழர்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, செப்டம்பர் கடைசியில் கையில் ஒன்பது இரவு. சான்டோரினி, மிக்கோனோஸ், பாரோஸ், நக்ஸோஸ், மிலோஸ், ரோட்ஸ், கிரீட் என ஏழு தீவுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம் என்கிறீர்கள். போகிற போக்கில் ஆட்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள்: ஒருவர் சுத்த சைவம், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பழைய கற்கள் என்றால் உயிர், மற்ற இருவருக்கும் கடலில் கிடந்தால் போதும். எனக்கு அந்தக் கடைசி வரிகளில்தான் உங்கள் கேள்வியே இருப்பதாகத் தோன்றுகிறது. ஐந்து விதமான ஆட்கள் ஒன்பது நாள் சேர்ந்து சுற்றிவிட்டு, போனபோது இருந்த அதே நட்போடு ஊர் திரும்ப எப்படித் திட்டம் போடுவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வரிசை தானாக வந்துவிடும்.

பதினான்கு ஆண்டுகளாகச் சிறு குழுக்களைக் கிரேக்கத்துக்கு அழைத்துப் போய்வருகிறேன். நடுக்கடலில் வட்டமாகக் கிடக்கும் சைக்லேட்ஸ் தீவுகள் எனக்கு நன்றாகப் பழக்கம். கிழக்கே ரோட்ஸ் பக்கம் ஓரளவு தெரியும். மேற்கே அயோனியன் கடல் தீவுகளில் வேலை செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. தூரம், காற்று, இடிபாடுகள், சாப்பாடு இவை பற்றி நான் எழுதுவதை நம்பித் திட்டம் போடலாம். கப்பல் நேரமும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் டிக்கெட் விலை எதையும் இங்கே எழுதவில்லை. பதிவு செய்யும் வாரத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏழு தீவு விஷயம். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் கிரேக்கக் கப்பல்கள் நம் ரயில் பாதைகள் மாதிரி ஓடுபவை. ஒரே பாதையில் இருக்கும் தீவுகளுக்குள் சுலபமாக மாறலாம். பாதை விட்டுப் பாதை தாவுவதுதான் சிரமம். பாரோஸ், நக்ஸோஸ், சான்டோரினி ஒரு பாதை. செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ் மேற்கே இன்னொரு பாதை. ரோட்ஸ் துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பாதி நாளுக்கு மேல் கப்பலில் உட்கார வேண்டும். கிரீட் சுமார் 260 கிலோமீட்டர் நீளம், அதற்குத் தனியாக ஒரு வாரம் கொடுத்தால்தான் நியாயம். ஆகவே ரோட்ஸ், கிரீட், மிலோஸ் மூன்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள். எனக்கும் வருத்தம்தான். ரோட்ஸ் பக்கத்தில்தான் கோஸ் தீவு இருக்கிறது. நம் அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்த மது ஜாடித் துண்டுகளில் கோஸிலிருந்து வந்தவையும் உண்டு. சங்கப் பாட்டில் வரும் யவனர் ஊர் ஒன்றை நேரில் பார்க்கலாமே என்ற ஆசை எந்தத் தமிழனுக்கும் வரும். ஆனாலும் ஒன்பது இரவில் அது முடியாது.

தீவு மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாளை விழுங்கிவிடும். காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும், கப்பல் தாமதமாகும், இறங்கினால் அடுத்த அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். ஏழு தீவு என்றால் நீங்கள் பார்த்துவிட்டு வருவது ஏழு துறைமுகங்களைத்தான். ஐந்து பேர் என்பதால் இன்னொரு சங்கடமும் உண்டு. இடம் மாறும் நாட்களில்தான் சண்டை வரும். நான் பார்த்த மனஸ்தாபங்களில் பெரும்பாலானவை பெட்டியும் கையுமாக வெயிலில் நின்றபோது தொடங்கியவைதான்.

நான் சொல்லும் திட்டம் இதுதான். போய் இறங்கும் இரவு பிரேயஸில் அல்லது ஏதென்ஸில். அப்புறம் நக்ஸோஸில் நான்கு இரவு, சான்டோரினியில் மூன்று இரவு, கடைசி இரவு மறுபடி ஏதென்ஸில். மிக்கோனோஸையும் அதன் பக்கத்திலிருக்கும் டெலோஸையும் நக்ஸோஸில் தங்கியபடியே ஒரு நாள் படகில் போய்ப் பார்த்து வரலாம், சீசனில் அப்படிச் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. பாரோஸ் எதிர்க்கரையில்தான் இருக்கிறது, பெரிய கப்பலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். இரண்டே இடத்தில் பெட்டியைத் திறந்து ஐந்து தீவுகளைப் பார்க்கிறீர்கள்.

பிரேயஸுக்கு இப்போது விமான நிலையத்திலிருந்தே நேராக மெட்ரோ உண்டு, நீல நிறப் பாதை 2022 அக்டோபரில் துறைமுகம் வரை நீண்டது. துறைமுகம் மிகப் பெரியது, கேட்களுக்கு எண் போட்டிருப்பார்கள். மெட்ரோவுக்கு எதிரே இருப்பவை இ6, இ7. டிக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்ஸ் பக்கம் போகும் கப்பல்கள் நிற்கும் கேட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்துக் கப்பலை விட்டவர்கள் உண்டு.

வேகக் கப்பலா மெதுவான கப்பலா என்று எல்லோரும் கேட்பார்கள். நக்ஸோஸுக்கு மெதுவான பெரிய கப்பலையே எடுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும், ஆனால் வெளித்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம். வேகப் படகுகளில் பெரும்பாலும் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும், அலை அடித்தால் குமட்டல் வரும், காற்று கூடினால் முதலில் ரத்தாவதும் அவைதான். பெரிய கப்பலில் ஏறியதும் கீழே வண்டிகள் நிற்கும் தளத்திலேயே பெட்டிகளை வைக்கத் தட்டுகள் இருக்கும், தீவின் பெயர் எழுதியிருக்கும். உங்கள் தீவின் தட்டில் வையுங்கள். இறங்கும்போது அறிவிப்பு வந்த உடனே ஐந்து பேரும் அந்தத் தளத்துக்கு வந்துவிட வேண்டும். கப்பல் பின்பக்கமாகக் கரையை நெருங்கும்போதே பாலம் இறங்கத் தொடங்கிவிடும், சில நிமிடங்களில் கிளம்பிவிடும். என் குழுவில் ஒருவர் காபியை முடித்துவிட்டு வருகிறேன் என்று மேலேயே இருந்துவிட்டார். அவர் பெட்டி எங்களோடு நக்ஸோஸில் இறங்கியது, அவர் சான்டோரினி வரை போய் மறுநாள் திரும்பி வந்தார்.

காற்றைப் பற்றி. ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முழுக்க அதன் ஆட்டம்தான், செப்டம்பர் கடைசிக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8 வந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல் கிளம்பத் தடை போடுவது வழக்கம், சின்னப் படகுகளுக்கும் வேகப் படகுகளுக்கும் அதற்கு முன்பே தடை வரும். கப்பல் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும் அல்லது வேறு கப்பலில் இடம் தருவார்கள். வானிலையால் ரத்து என்பதால் தங்கும் செலவு உங்களுடையது. கடைசி இரவை ஏதென்ஸில் வைக்கச் சொல்வது இதனால்தான். தீவிலிருந்து காலையில் கப்பல் பிடித்து அன்று இரவே இந்தியாவுக்கு விமானம் ஏறும் திட்டத்தை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். டெலோஸ் படகையும் நக்ஸோஸின் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் அல்லது இரண்டாவது நாளே போட்டுவிட்டால், காற்று கெடுத்தாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

சரி, நக்ஸோஸுக்கு ஏன் நான்கு இரவு? படங்களில் அதிகம் வராத தீவு என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். சைக்லேட்ஸில் மிகப் பெரியது இதுதான், உருளைக்கிழங்கும் பாலும் சீஸும் தானே விளைவித்துக்கொள்ளும் தீவு. சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் அங்கே ஊர் நடக்கும். அந்த நிதானம் தெருவில் நடக்கும்போதே தெரியும். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது இடப்பக்கத் திட்டில் தனியாக ஒரு பளிங்கு வாசல் நிற்கும், அதற்குப் போர்டாரா என்று பெயர். கி.மு. 530 வாக்கில் லிக்டாமிஸ் என்ற ஆட்சியாளர் அப்பல்லோ என்ற கிரேக்கத் தெய்வத்துக்குக் கட்டத் தொடங்கிய கோயில் அது. அவர் ஆட்சி கவிழ்ந்ததும் வேலை நின்றுபோனது. பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் கல்லையெல்லாம் பெயர்த்து வீடும் கோட்டையும் கட்டிக்கொண்டார்கள், வாசல் மட்டும் பெயர்க்க முடியாத கனம் என்பதால் நின்றுவிட்டது. மாலையில் ஐந்து பேரும் அங்கே போய் உட்காருங்கள். கட்டணம் கிடையாது, படி கொஞ்சம்தான், முழங்கால்காரர் மெதுவாக ஏறிவிடலாம்.

கற்களில் ஈடுபாடுள்ள நண்பருக்கு நக்ஸோஸில் இன்னொரு புதையல் இருக்கிறது. ஃப்ளெரியோ என்ற இடத்தில் பழைய பளிங்குக் குவாரிகள். அங்கே ஒரு தோட்டத்து மரநிழலில் முடிக்காத இளைஞன் சிலை ஒன்று மல்லாந்து கிடக்கிறது, கால் உடைந்திருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடக்கிறது. வடக்குக் கோடியில் அப்போலோனாஸ் ஊருக்கு மேலே இன்னொன்று, பத்து மீட்டருக்கு மேல் நீளம், தாடியும் கையும் குத்துமதிப்பாகத் தெரியும், பாறையோடு பாறையாகக் கிடக்கிறது. சிலையைக் குவாரியிலேயே முக்கால்வாசி செதுக்கிவிட்டு இழுத்துப்போவது அந்தக் கால வழக்கம் என்பது இவற்றைப் பார்த்தால் புரியும். அப்போலோனாஸ் சிலையை ஏன் விட்டார்கள் என்பது உறுதியாகத் தெரியாது. கல்லில் விரிசல் கண்டிருக்கலாம் என்பது பரவலான கருத்து. அது அப்பல்லோவா, மதுவின் தெய்வமான டியோனிசஸா என்பதும் விவாதம்தான், தாடி இருப்பதால் பலர் டியோனிசஸ் என்கிறார்கள். அருங்காட்சியகத்தில் விளக்கு போட்டு நிற்க வைத்த நூறு சிலைகளைவிடக் குவாரியில் கிடக்கும் இந்த இரண்டும் எனக்குப் பெரியவை.

இதைப் பார்த்துவிட்டு டெலோஸ் போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. டெலோஸில் புகழ்பெற்ற சிங்க வரிசையை அப்பல்லோவுக்குக் காணிக்கையாக வைத்தவர்கள் நக்ஸோஸ்காரர்கள்தான், நக்ஸோஸ் பளிங்கில் செய்தது. இப்போது வெளியில் நிற்பவை நகல்கள், அசல்களை அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் எடுத்துவைத்துவிட்டார்கள். சைக்லேட்ஸ் என்ற பெயரே டெலோஸைச் சுற்றி வட்டமாக இருப்பவை என்ற பொருளில் வந்ததுதான். அப்பல்லோவும் அவருடைய இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸும் பிறந்த மண் என்பது பழைய கிரேக்கர்களின் நம்பிக்கை. அந்தப் புனிதம் கெடக் கூடாது என்று கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் தீவிலிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்துப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நிறைமாதக்காரியையும் சாகக் கிடப்பவரையும் படகில் ஏற்றி எதிர்த்தீவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதே தீவு பின்னால் பெரும் சந்தையானது. கி.மு. 167 வாக்கில் ரோமானியர்கள் அதைச் சுங்கமில்லாத துறைமுகமாக்கினார்கள். இத்தாலி, சிரியா, எகிப்து எனப் பல ஊர் வியாபாரிகள் குடியேறி அவரவர் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள். அடிமை வியாபாரமும் அங்கேதான் கொழித்தது. ஒரே நாளில் பத்தாயிரம் பேரை இறக்கி விற்று அனுப்ப முடியும் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். அந்த எண்ணைக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் சந்தையின் அளவு எப்படிப் பேசப்பட்டது என்பது தெரிகிறது. கி.மு. 88-இல் ரோமோடு போரிட்ட அரசர் மித்ரிடேட்டஸின் படை சூறையாடியது, அதன் பிறகு மெல்லக் காலியானது. இன்று காவலர்களையும் அகழாய்வு செய்பவர்களையும் தவிர யாரும் அங்கே இரவு தங்க முடியாது. பணக்கார வியாபாரி வீட்டு முற்றத்தில், சிறுத்தை மேல் டியோனிசஸ் அமர்ந்திருக்கும் தரைச் சித்திரத்தைக் குனிந்து பார்க்கும்போது, பல்லி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். அங்கே நிழல் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள். முழங்கால்காரர் கின்தோஸ் குன்றை விட்டுவிட்டுச் சிங்கங்கள் பக்கத்திலும், திறந்திருந்தால் அருங்காட்சியகத்திலும் இருக்கட்டும். மிக்கோனோஸில் காற்றாலைகளும், கடலைத் தொட்டு நிற்கும் பால்கனி வீடுகளும், பரபோர்டியானி என்ற வெள்ளைத் தேவாலயமும் போதும். அங்கே தங்கச் சொல்ல மாட்டேன், உங்கள் ஐவரில் யாரும் இரவு விடுதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடல்காரர்கள் இருவருக்கும் நக்ஸோஸின் மேற்குக் கரை முழுக்க மணல்தான். நகரத்தை ஒட்டிய அஜியோஸ் யோர்யோஸ் கடற்கரை ஆழம் குறைந்தது, நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம். தெற்கே அஜியோஸ் பிரோகோபியோஸ், பிளாக்கா இரண்டும் இன்னும் அழகு. செப்டம்பர் கடைசியில் தண்ணீர் இதமாகவே இருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய கடல் அது.

இங்கேதான் என் முக்கியமான யோசனை. பகலில் பிரிந்துவிடுங்கள். கிரேக்கத்தில் பரேயா என்று ஒரு சொல் உண்டு, சேர்ந்து சுற்றும், சேர்ந்து சாப்பிடும் நண்பர் கூட்டம். அவர்கள் பரேயா கூடுவது இரவு உணவு மேசையில். எட்டு மணிக்குமேல் வந்து உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை எழுந்திருக்க மாட்டார்கள். பகலில் அவரவர் பார்த்ததை அங்கே வந்து சொல்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஐந்து பேருக்கு ஒரு பெரிய வண்டிக்குப் பதிலாக இரண்டு சின்னக் கார் எடுத்தால் ஒரு கார் குவாரிக்கும் ஹல்கி, அப்பிராந்தோஸ் மலைக் கிராமங்களுக்கும் போகும், இன்னொன்று கடற்கரைக்குப் போகும். ஐந்து பேர் பெட்டியோடு ஒரே சின்னக் காரில் அடங்கவும் மாட்டீர்கள். ஏதாவது இரண்டு விஷயத்துக்கு மட்டும் ஐவரும் சேர்ந்தே போவது என்று முதலிலேயே பேசி வையுங்கள். டெலோஸ் ஒன்று, சான்டோரினியில் அக்ரோதிரி என்ற புதைந்த நகரம் ஒன்று என்பது என் தேர்வு. மற்றதெல்லாம் விருப்பம்.

கார் எடுக்க இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும், அங்கே போய் வாங்க முடியாது. ஓட்டுபவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பது மலைவளைவில் ஒரு நொடி மறந்தாலும் ஆபத்து. பெரும்பாலும் கியர் வண்டிதான் தருவார்கள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். காப்பீட்டுத் தாளில் டயர், வண்டியின் அடிப்பாகம் இரண்டும் சேருமா என்று படித்துப் பாருங்கள், பல இடங்களில் சேராது. நான்கு சக்கர பைக் வேண்டவே வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் சரளையில் அதைக் கவிழ்த்துக்கொள்வதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

சைவ நண்பருக்குச் சொல்லுங்கள், கிரேக்கத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும்: நிஸ்டீசிமோ. தேவாலய விரத நாட்களில் சாப்பிடக்கூடியது என்று பொருள். இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம், அதை மட்டும் கேட்டுத் தவிர்க்க வேண்டும். எண்ணெயில் வதக்கிய காய்கறி வகைகளுக்கு லாடெரா என்று பெயர், அதில் பீன்ஸ், கத்திரிக்காய், வெண்டைக்காய்கூட வரும். பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறைத் தக்காளியில் சுட்டுத் தருவது கிகாந்தெஸ். அரிசி அடைத்த தக்காளி கெமிஸ்டா, சில கடைகளில் கொத்திய இறைச்சியும் கலப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். சான்டோரினியின் ஃபாவாவை அவர் மறக்கவே மாட்டார். மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும். கண்ணை மூடிச் சாப்பிட்டால் நம் வீட்டுப் பருப்புதான். கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த செடி அது, அந்த எரிமலை மண்ணில் பழங்காலத்திலிருந்து விளைகிறது. மீன் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முழு மீனுக்கு விலை கிலோ கணக்கு. மீனைக் காட்டச் சொல்லி எடை போட்டு விலை கேட்ட பிறகு சரி சொல்லுங்கள். பில்லை ஐந்தாகப் பிரிப்பதில் வரும் சங்கடத்துக்கு, தினமும் காலையில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப்பையில் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. தட்டுகள் எல்லாம் மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும் ஊரில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கணக்குப் பார்க்க முடியாது.

அப்புறம் சான்டோரினி. கூட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் வருபவர்களுக்கு 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னத் தீவுக்கு அதுவே அதிகம். ஆனால் அவர்கள் காலை பத்து மணி சுமாருக்கு மேலே வந்து மாலையில் இறங்கிவிடுகிறவர்கள். அங்கேயே தங்கும் உங்களுக்குக் காலை ஏழு மணி சொந்தம். தீவின் முக்கிய ஊரான ஃபிராவிலிருந்து வடக்குக் கோடி ஊரான ஓயா வரை எரிமலை வாயின் விளிம்பிலேயே ஒரு நடைபாதை போகிறது, சுமார் பத்து கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். நடக்க முடிந்தவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், முழங்கால்காரரும் துணைக்கு ஒருவரும் பஸ்ஸில் ஓயா வந்து காலைச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளட்டும். அந்தி பார்க்க ஓயாக் கோட்டையில் மூன்று மணி நேரம் முண்டியடிக்க வேண்டியதில்லை. பிர்கோஸ் கிராமத்து உச்சியிலிருந்தும், அக்ரோதிரி கலங்கரை விளக்கத்துப் பாறையிலிருந்தும் அதே சூரியன்தான், செப்டம்பர் கடைசியில் ஏழு மணியை ஒட்டி இறங்கும். பழைய துறைமுகத்துப் படிக்கட்டில் கழுதை மேல் ஏறாதீர்கள். அந்தப் பிராணிகள் வெயிலில் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கேபிள் கார் இருக்கிறது.

அறை பதிவு செய்யும்போது படத்தில் இருக்கும் குகை வீட்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மலைச்சரிவில் குடைந்த வீடுகள் அவை, தெருவிலிருந்து நூறு படி இறங்க வேண்டியிருக்கலாம். எத்தனை படி என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் நண்பரின் முழங்காலுக்குக் கமாரி அல்லது பெரிசா நல்லது, சமதளம், கறுப்பு மணல் கடற்கரை காலடியில். சிவப்புக் கடற்கரைக்குப் போக வேண்டாம், அந்தப் பாறைச்சரிவு இடிந்து விழுவது உண்டு, எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

அக்ரோதிரிக்கு ஐவரும் சேர்ந்து போங்கள் என்றேன். 1967-இல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தோண்டத் தொடங்கிய வெண்கலக் கால நகரம் அது. எரிமலைச் சாம்பலில் புதைந்ததால் இரண்டு மூன்று மாடி வீடுகள் ஜன்னலோடு நிற்கின்றன. கூரை போட்டு மேடை நடைபாதை அமைத்திருக்கிறார்கள், வெயிலும் இல்லை, முழங்காலுக்கும் சிரமமில்லை. இத்தாலியில் இதேபோல் எரிமலையில் புதைந்த பொம்பேயில் கிடைத்தது போல மனித உடல்கள் இங்கே கிடைக்கவில்லை. முன்நடுக்கங்கள் கண்டு மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள். எங்கே போனார்கள், கடலில் தப்பினார்களா என்பதற்குச் சான்றில்லை. வெடித்த ஆண்டிலும் சச்சரவு உண்டு. கார்பன் கணிப்பு கி.மு. 1600-ஐ ஒட்டிச் சொல்கிறது, எகிப்தியத் தொடர்புகளை வைத்துக் கணக்கிடும் சிலர் அதற்கும் பின்னால் வைக்கிறார்கள். கடலில் மூழ்கியதாகக் கிரேக்கக் கதையில் வரும் அட்லாண்டிஸ் இதுதான் என்று படகோட்டி முதல் பலகை வரை எல்லோரும் சொல்வார்கள், அதை நிரூபிக்க எதுவும் கிடையாது.

அங்கே எடுத்த சுவரோவியங்கள் ஃபிரா அருங்காட்சியகத்தில் சிலவும் ஏதென்ஸில் சிலவும் இருக்கின்றன. ஃபிராவில் இருக்கும் நீலக் குரங்குகளைப் பார்க்காமல் வராதீர்கள். ஏஜியன் தீவுகளில் குரங்கு கிடையாது. வாலை உயர்த்தி வளைத்திருக்கும் விதத்தை வைத்து, இவை இந்தியாவில் வாழும் சாம்பல் மந்திகளாக இருக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் குரங்கின ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். ஆப்பிரிக்கக் குரங்கு வகைதான் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். முடிவான பதில் இல்லை. ஆனால் நம்மூர்க் கோயில் மதிலில் மந்தி பார்த்து வளர்ந்தவர்கள் ஐந்து பேர் அந்த ஓவியத்தின் முன்னால் நின்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வது நன்றாக இருக்கும்.

நிலநடுக்கம் பற்றிய பயம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதைச் சாதாரணமாக ஒதுக்க மாட்டேன். 1956 ஜூலையில் அமோர்கோஸ் பக்கம் வந்த பெரிய நடுக்கத்தில் சான்டோரினியில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தொடர் அதிர்வுகள் வந்து பல ஆயிரம் பேர் தீவை விட்டு வெளியேறினார்கள், பிறகு அது அடங்கியது. அடுத்தது எப்போது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள், கிளம்பும் வாரம் அரசு அறிவிப்புகளைப் படியுங்கள். அதுவரை மற்றவர்கள் போவதைப் போல நீங்களும் போகலாம்.

விசா பற்றிச் சுருக்கமாக. ஷெங்கன் விசாதான், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஐவரும் தனித்தனியாக விண்ணப்பித்தாலும் பயணத்திட்டத் தாள் ஒன்றுபோலவே இருக்கட்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐந்து விசாவும் கைக்கு வரும்வரை திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டாதீர்கள், ஒருவருக்கு மட்டும் தாமதமான குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே போனபின் விடுதியில் அறைவாடகைக்கு மேல் ஓர் அரசு வரியை இரவுக் கணக்கில் கேட்பார்கள், அது மோசடி இல்லை. நட்சத்திரம் கூடக்கூட வரியும் கூடும். சைக்லேட்ஸ் தீவுகள் பலவற்றில் குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது, பாட்டில்தான்.

சான்டோரினியிலிருந்து ஏதென்ஸ் திரும்ப விமானமே நல்லது, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மதியத்துக்குள் போய்ச் சேரும்படி பாருங்கள். கல் பார்க்கும் நண்பர் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய் அக்ரோதிரியின் மீதி ஓவியங்களையும் பார்த்துவிட்டு வரட்டும், குத்துச்சண்டை போடும் இரண்டு சிறுவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மற்றவர்கள் மோனஸ்திராகி பக்கம் கடைகளில் சுற்றட்டும். இரவு ஒன்பதுக்கு மேசை சொல்லி வையுங்கள், பொதுப்பையில் மிஞ்சியிருக்கும் யூரோ முழுவதும் அன்றைக்குத்தான். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வருடக் கப்பல் அட்டவணையை வைத்து எந்த நாள் எந்தக் கப்பல் என்று சொல்கிறேன்.